காய இருபத்தொரு நாள்

ஜூலை 4, சனி

காற்று. காலையிலிருந்து மாடிக் கதவு அடித்துக்கொண்டே இருக்கிறது. ஆடி பிறக்க இன்னும் இரண்டு வாரம், அதற்குள் என்ன அவசரமோ.

மர சோஃபா வேலை தொடங்கியாயிற்று. நீளமானது ஒன்று, ஒற்றை நாற்காலி இரண்டு. அப்பா பொன்மலை ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தபோது செய்தது. தேக்கு. வார்னிஷ் கறுத்துப் போய், கைப்பிடியெல்லாம் பிசுக்கு. சோப்புத் தண்ணீரில் துடைத்த துணி மூன்று. மூன்றும் கறுப்பு.

சாக் பெயிண்ட் (இனி சா.பெ.) கலவை, மறக்காமல் இருக்க:
எமல்ஷன் மூன்று டம்ளர். ஹால் சுவருக்கு வாங்கியதில் மிச்சம், சாம்பல் நீலம்.
சாக் பவுடர் ஒரு டம்ளர், சலித்தது.
தண்ணீர் அரை டம்ளர், கட்டி உடையும் வரை.
பழைய வார்னிஷை உப்புத்தாளால் தேய்த்து எடுக்க வேண்டாம். இதில் எனக்குப் பிடித்ததே அதுதான்.

சலித்தது அம்மாவின் மாவுச் சல்லடையில். "ஏண்டி, நாளைக்கு அதுலதான் முறுக்கு மாவு சலிக்கணும். வீட்டுல இருக்கறவங்க மனுஷங்கதானே?" கழுவி வைத்தேன். மறுபடி அவளே கழுவினாள்.

அப்பா பேப்பரை மடித்துவிட்டு வந்து பார்த்தார். "தேக்குக்கு எவனாச்சும் பெயிண்ட் அடிப்பானா? நிக்குமா இது?"

நிற்கும். மேலே மெழுகு தேய்த்து, அது முழுசாகக் காய்ந்தால் நிற்கும். மெழுகு டப்பாவில் போட்டிருக்கிறது: தொட்டால் ஒரு நாளில் காய்ந்த மாதிரி இருக்கும், உள்ளே இறுக இருபத்தொரு நாள். ஆவணியில்தானே பெண் பார்க்க வருகிறார்கள். நாள் கிடக்கிறது.

மாப்பிள்ளை பெயர் இளங்கோ. முப்பத்தேழு. அரியமங்கலத்தில் பவுடர் கோட்டிங் பட்டறை. இரும்பு கேட், கிரில்லுக்கெல்லாம் பவுடர் தூவி அடுப்பில் சுடுவது. எனக்கு முப்பத்து நான்கு. இது எத்தனையாவது வரன் என்பது அம்மாவுக்குத்தான் தெரியும், நான் எண்ணுவதை விட்டு நாளாயிற்று.

ஜூலை 5, ஞாயிறு

மொட்டை மாடியில் முதல் பூச்சு. காற்றில் தூசி, வேப்பிலைச் சருகு, எங்கிருந்தோ ஒரு கோழி இறகு. ஈரத்தில் ஒட்டியதை எல்லாம் ஊசியால் எடுத்தேன். முதுகு போயிற்று.

கீழ் வீட்டு மாமி (எங்கள் ஹவுஸ் ஓனர்) வடாம் எடுக்க வந்தவள் நின்றுவிட்டாள். "என்னடி இது, நாமக்கட்டியைக் கரைச்சுப் பூசினாப்ல இருக்கு?"

"சாக் பெயிண்ட் மாமி."

"பாத்துக்கோடி. கடைசில உனக்கே நாமம் போட்டுடப் போறது."

ஸ்ரீரங்கத்தில் இருந்துகொண்டு இதைக் கேட்காமல் இருக்க முடியுமா. சிரித்தேன்.

ஜூலை 8, புதன்

இரண்டாம் பூச்சு, வேலைக்குப் போகும் முன்பே. தில்லைநகர் போய்ச் சேர லேட். மூக்குக் கண்ணாடிக் கடையில் இருபது பேருக்குப் பவர் பார்த்துவிட்டு வந்தால் ராத்திரி எனக்கே எழுத்து இரண்டாகத் தெரிகிறது.

இளங்கோ போன். இது மூன்றாம் தடவை. என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்றார், சொன்னேன்.

"சாக் பெயிண்டா? கரும்பலகைக்கு அடிப்பாங்களே, அதுவா?"

எல்லோரும் செய்யும் தப்பு. அது வேறு, இது வேறு என்று விளக்கினேன். மற்றவர்கள் "அப்படியா" என்று சொல்லிப் பேச்சை மாற்றுவார்கள். இவர் கேட்டார்: "காய எத்தனை நாளுங்க?"

"இருபத்தொரு நாள்."

"அம்மாடி! எங்க அடுப்புல இருபது நிமிஷம்."

"உங்களுது இரும்பு. சூடு வச்சா கேக்கும். மரம் அப்படியா?"

சிரித்தார். சத்தமில்லாத சிரிப்பு, மூச்சு மட்டும் கேட்டது. ஒரு வரனிடம் சா.பெ. பற்றி இருபது நிமிடம் பேசியிருக்கிறேன். நன்றாகத்தான் இருந்தது.

ஜூலை 12, ஞாயிறு

மெழுகு தேய்த்து முடித்தேன். அப்பாவின் பழைய பனியன் துணி, வட்டம் வட்டமாக. அடிப்பக்கம் கொஞ்சம் தடித்துவிட்டது, யார் பார்க்கப் போகிறார்கள். சாயங்காலம் மூவரும் தூக்கி ஹாலில் வைத்தோம். அழகு. நானே சொல்லிக்கொள்கிறேன், அழகு.

அப்பா: "பழைய பாசஞ்சர் ரயில் பெட்டி கலர்." திட்டினாரா பாராட்டினாரா தெரியவில்லை.

காலண்டரில் ஆகஸ்ட் 2-ஐச் சுற்றி வட்டம். அதுவரை யாரும் உட்காரக் கூடாது. நீள சோஃபாமேல் சுளகு, ஒற்றை நாற்காலிகளில் பேப்பர் கட்டு.

ஜூலை 13, திங்கள்

போச்சு.

இளங்கோவின் அம்மா போன் செய்தார்களாம். "ஆடி பொறந்துட்டா அப்புறம் ஒரு மாசம் போயிரும். புதன்கிழமை நல்ல நாளா இருக்கு. அஞ்சு பேர் வந்து பாத்துட்டுப் போயிடறோம்." அம்மா சரி என்று சொல்லிவிட்டாள். என்னைக் கேட்கவில்லை.

"அம்மா, சோஃபா காயல. புதன்கிழமைக்கு மூணு நாள்தான் ஆகியிருக்கும்."

"சோஃபா காயலைன்னு சம்பந்தி வீட்டுல சொல்லச் சொல்றியா? வழிச்சுக்கிட்டுச் சிரிப்பாங்க."

பஞ்சாங்கத்துக்கு மெழுகு தெரியாது, மெழுகுக்குப் பஞ்சாங்கம் தெரியாது. நடுவில் நான்.

யோசனைகள்:
சோஃபாவை உள் அறைக்குத் தள்ளுவது. நீளமானது கதவில் நுழையாது. ஒற்றை ஒன்று நுழைந்தது, இன்னொன்றுக்கு உள்ளே இடமில்லை.
மேலே பெட்ஷீட். ஒட்டிக்கொள்ளும். வேண்டாம்.
ஜமக்காளம் விரிப்பது. "அவங்க அம்மாவுக்கு மூட்டு வலியாம்" (அம்மா).
மாமியிடம் பிளாஸ்டிக் நாற்காலி. இதுதான். ஆறு இருக்கிறது.

நீள சோஃபாமேல் தாம்பூலத் தட்டு, பழம், பூ என்று பரப்பிவிட்டால் யாரும் உட்கார மாட்டார்கள். மிச்சமிருக்கும் ஒற்றை நாற்காலியில் பேப்பர் கட்டு அப்படியே இருக்கட்டும். அப்பாவிடம் மூன்று முறை சொல்லியிருக்கிறேன்.

ஜூலை 15, புதன்

எழுதவே கை வரவில்லை. இருந்தாலும் வரிசையாக எழுதுகிறேன்.

ஐந்து என்றார்கள், ஒன்பது பேர் வந்தார்கள். பிளாஸ்டிக் ஆறு, நம் ஸ்டூல் இரண்டு, எட்டாயிற்று. இளங்கோ வண்டியை ஓரம் கட்டிவிட்டுக் கடைசியில் வந்தார். இடமில்லை. நான் சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறேன், அப்பா அந்த நாற்காலியிலிருந்து பேப்பர் கட்டை எடுத்து ஜன்னலில் வைத்து, "வாங்க மாப்ள, உக்காருங்க" என்கிறார். மூன்று முறை சொன்ன மனுஷன். வாய் வரைக்கும் வந்தது. ஒன்பது பேர் எதிரில் "காயல" என்று எப்படிக் கத்துவது? அம்மா என் இடுப்பில் கிள்ளினாள்.

அவர் நாற்காலியை இழுப்பது போலக் குனிந்தார். பிறகு நிமிர்ந்து, "பரவால்லைங்க, நிக்கிறேன்" என்றார்.

"அட உக்காருங்க மாப்ள."

"இல்லைங்க, இருக்கட்டும்."

மூன்று தரம் சொல்லியும் உட்காரவில்லை. முக்கால் மணி நேரம் ஜன்னலோரம் நின்றார். வலது கை பேன்ட் பாக்கெட்டுக்குள்ளேயே. நான் காபி கொண்டு போனேன். இடது கையால் வாங்கினார். இடது கையால்! கேசரியைத் தொடவேயில்லை. அவர் தொடாததால் அவர் அம்மாவும் தொடவில்லை, அவர்கள் தொடாததால் யாரும் தொடவில்லை. தட்டு அப்படியே திரும்பி வந்தது.

கிளம்பும்போது அவர் அம்மா, "போயிட்டுச் சொல்லி அனுப்பறோம்" என்றார். முகம் சரியில்லை.

அம்மா பாத்திரம் கழுவிக்கொண்டே அழுதாள். "பிடிச்சிருந்தாத்தான் கை நனைப்பாங்க. ஒரு வாய் எடுத்து வைக்கலையேடி."

ஜூலை 16, வியாழன்

அப்பா கொதிக்கிறார். "நம்ம வீட்டுல உக்காரக் கூட அவனுக்குக் கௌரவம் இடிக்குது. பீச்சாங்கையால காபி வாங்குறான். என் பொண்ணு என்ன ரோட்டுலயா கெடக்கா? அவங்க சொல்லி அனுப்பறதுக்கு முன்னாடி நாம வேண்டாம்னு சொல்லிடணும்."

என்னைக் கேட்டார். எனக்கும் வேண்டாம் என்றேன்.

பொய். எனக்குப் பிடித்திருந்தது. அதுதான் எரிச்சல். போனில் காய எத்தனை நாள் என்று கேட்ட ஆள், நேரில் வந்து கைகூட நனைக்காமல் போய்விட்டான். எதையாவது போட்டு உடைக்கலாம் போலிருந்தது. நேற்று மிஞ்சிய கேசரியை நானே உட்கார்ந்து தின்றேன்.

கடையில் லீவு சொல்லவில்லை. ஒரு பெரியவருக்கு வலது கண் பவரை இடதுக்கு எழுதிவிட்டேன். நல்லவேளை, பார்த்துவிட்டேன்.

ஜூலை 17, வெள்ளி

ஆடி ஒன்று. அம்மா பாயசம் வைத்தாள், யாருக்கும் இறங்கவில்லை. மாமி வந்து நாற்காலிகளை எண்ணி எடுத்துப் போனாள். ஆறும் சரியாக இருந்தது. எதுவும் கேட்கவில்லை. கேட்காததே ஒரு கேள்வி.

ஜூலை 19, ஞாயிறு

காலை ஒன்பது மணிக்கு அப்பா போன் செய்து சொல்லிவிட்டார். "எங்களுக்குச் சரிப்பட்டு வராதுங்க." அவ்வளவுதான். ஒரே வாக்கியம். போனை வைத்துவிட்டுக் காவிரியில் தண்ணீர் எவ்வளவு போகிறது என்று பார்க்கக் கிளம்பிவிட்டார்.

எனக்கு வீட்டில் அந்த நீலத்தைப் பார்க்கவே பிடிக்கவில்லை. சுரண்டி எடுத்துவிடலாம் என்று ஹாலில் இருந்த ஒற்றை நாற்காலியைக் கவிழ்த்தேன். அடிப்பக்கத்திலிருந்து தொடங்கலாம், மெழுகு அங்கேதான் தடிப்பு.

உட்காரும் பலகைக்கு அடியில், முன் சட்டத்தில், ஒரு பெருவிரல்.

ரேகையோடு. சா.பெ. பெயர்ந்து தேக்கு தெரிகிறது. என் விரலை வைத்துப் பார்த்தேன், என்னுடையது சின்னது. அப்பா அந்தப் பக்கமே குனிந்ததில்லை. அம்மா தொடவே மாட்டாள், அவளுக்குச் சல்லடைக் கோபம்.

வேலை தெரிந்தவன்தான் அடியில் தொட்டுப் பார்ப்பான். வெளியே தொட்டால் கறை தெரியும் என்று தெரிந்தவன். இருபத்தொரு நாள் என்று நானே அவரிடம் சொல்லியிருக்கிறேன். பன்னிரண்டாம் தேதி மெழுகு தேய்த்ததையும் மெசேஜில் நானே சொன்னேன்.

தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். அடக் கடவுளே. வலது கை ஏன் பாக்கெட்டில் இருந்தது. ஏன் இடது கை. ஏன் கேசரி எடுக்கவில்லை. விரல் முழுக்க என் பெயிண்ட்!

அப்பாதான் வேண்டாம் என்று சொல்லியாயிற்றே. பொண்ணு தானாகப் போன் பண்ணலாமா, இல்லையா என்று பத்து நிமிடம். பிறகு போட்டோ எடுத்து அனுப்பினேன். "இது உங்களோடதா?"

மதியம் வரை பதிலில்லை. மூன்றரைக்கு வந்தது.

"ஆமாங்க. மன்னிச்சிருங்க, கெடுத்துட்டேன். அடியிலதான் தொட்டேன்."

"ஏன் சொல்லல?"

"பொண்ணு வீட்டு நாற்காலி ஈரம்னு ஒம்பது பேர் முன்னாடி எப்படிங்க சொல்றது. உக்காந்தா உங்க வேலையும் போயிரும், என் பேன்ட்டும் போயிரும்."

"எங்க வீட்டுல உங்களைத் திமிர் பிடிச்சவர்னு சொல்றாங்க."

"எங்க வீட்டுல வேற மாதிரி. 'என் புள்ளைய முக்கால் மணி நேரம் நிக்க வச்சே அனுப்புனாங்க'ன்னு அம்மா. நாற்காலி காயலைன்னு சொன்னேன். சால்ஜாப்புன்னு நம்பல. காலையில உங்க அப்பா போன் வேற."

சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. இரண்டையும் ஒரே சமயத்தில் செய்ய முடிகிறது.

ஜூலை 20, திங்கள்

அப்பாவிடம் நாற்காலியைக் கவிழ்த்துக் காட்டினேன். டார்ச் கேட்டார். கண்ணாடியைத் துடைத்தார். குனிந்து பார்த்தார். தன் பெருவிரலை வைத்து அளந்தார்.

"பயலுக்கு வேலை தெரியுது" என்றார்.

"இப்ப என்னப்பா பண்றது?"

"சொன்ன வார்த்தையை எப்படிம்மா திருப்பி வாங்குறது?"

பேப்பர் கட்டை எடுத்தது யார் என்று கேட்க வந்தேன். முகத்தைப் பார்த்துவிட்டுக் கேட்கவில்லை.

ஜூலை 23, வியாழன்

அப்பா இரண்டு தடவை போன் செய்தார். இளங்கோவின் அம்மா எடுக்கவில்லை. மனுஷன் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்க்கப் பாவமாக இருக்கிறது. மூன்றாவது தடவை எடுத்து, "ஆடியில இதெல்லாம் பேச வேண்டாம்" என்று வைத்துவிட்டார்களாம்.

கடை: ஃப்ரேம் ஸ்டாக் எடுக்கும் நாள். கால் வலி.

ஜூலை 27, திங்கள்

இளங்கோ மெசேஜ்: "அம்மா இன்னும் இறங்கி வரலைங்க. உங்க மெழுகு மாதிரிதான். மேல காஞ்ச மாதிரி இருக்கு, உள்ள காயல."

நான்: "எத்தனையாவது நாள்?"

"பன்னெண்டு."

சூடு வைத்துவிடாதீர்கள், மரம் கேட்காது என்று எழுதினேன். பதிலுக்குச் சிரிக்கும் பொம்மை ஒன்று.

விரல் பட்ட இடத்தைத் திருப்பிப் பூசலாமா? பூசவில்லை. அந்த இடத்தில் மெழுகு மட்டும், மெல்லிசாக.

ஆகஸ்ட் 2, ஞாயிறு

இருபத்தொன்று. சோதனை:
நகத்தால் கீறினேன். கோடு விழவில்லை.
ஈரத் துணி. நிறம் வரவில்லை.
கைப்பிடியில் சூடான காபி டம்ளர், ஐந்து நிமிடம். லேசாக ஒரு வட்டம். பனியன் துணியால் தேய்த்தேன், போயிற்று. சூடு மட்டும் ஆகாது, அடியில் தட்டு வைக்க வேண்டும்.
தேங்காய் எண்ணெய். துடைத்தால் வந்துவிட்டது.

கடைசிச் சோதனை அப்பா. வெளுத்த வேட்டி கட்டிக்கொண்டு வந்து அரை மணி நேரம் உட்கார்ந்து பேப்பர் படித்தார். எழுந்து எனக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றார். "பாருடி." ஒரு புள்ளி இல்லை. வேட்டி பளிச்.

"நிக்குது" என்றார்.

இளங்கோவுக்கு வேட்டியைப் போட்டோ எடுத்து அனுப்பினேன். (அப்பாவுக்குத் தெரியாது.)

நாளை பதினெட்டாம் பெருக்கு. லீவு சொல்லியாயிற்று. வாங்க வேண்டியது: காதோலை கருகமணி, மஞ்சள் கயிறு, எலுமிச்சம்பழம், ரவை. ரவை எதற்கு என்று அம்மா கேட்டாள். சும்மா என்றேன்.

ஆகஸ்ட் 3, திங்கள்

அம்மா மண்டபத்தில் கால் வைக்க இடமில்லை. படித்துறையில் வரிசையில் நின்று, பூ விட்டு, மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டு திரும்ப மணி பதினொன்று. தண்ணீர் மூன்றாம் படி வரை.

பன்னிரண்டரைக்குக் காலிங் பெல்.

இளங்கோ. பக்கத்தில் அவர் அம்மா, கையில் கலந்த சாதத் தூக்குச் சட்டி. புடவை ஓரம் ஈரம். "ஆத்துக்கு வந்தோம். தண்ணி குடிச்சிட்டுப் போலாம்னு..." என்றார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, கதவைப் பார்த்துச் சொன்னார்.

அப்பா பதறிப் போனார். "வாங்க, வாங்க" என்று ஒற்றை நாற்காலியை இழுத்துப் போட்டார். அதே நாற்காலி.

அந்த அம்மா உட்காரவில்லை. மூட்டு வலியோடு மெதுவாகக் குனிந்தார். பலகைக்கு அடியில் கையை விட்டு, தன் பெருவிரலால் அழுத்தித் தேய்த்தார். வெளியே எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். மறுபடி குனிந்து தலையைச் சாய்த்து அடியில் பார்த்தார். பையன் விரல் அங்கே இருப்பதைப் பார்த்துவிட்டார், அது எனக்கு அவர் முகத்திலேயே தெரிந்தது.

"நிஜமாத்தான் சொல்லியிருக்கான்" என்று சொல்லிக்கொண்டே உட்கார்ந்தார். நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார். பிறகு பையனைப் பார்த்து, "நீ ஏன்டா இன்னும் நிக்கிற? பழகிருச்சா?"

இளங்கோ நீள சோஃபாவில் உட்கார்ந்தார். அப்பா, "அன்னைக்கு நான்தாங்க அவசரப்பட்டு..." என்று ஆரம்பித்தார். "ஆடியில பழசெல்லாம் பேச வேண்டாங்க" என்று நிறுத்திவிட்டார் அந்த அம்மா. என் பக்கம் திரும்பினார்.

"கேசரி வாசனை வருது. கை கழுவத் தண்ணி குடும்மா. இன்னைக்குக் கை நனைச்சிட்டே போறோம்."

சமையலறையில் என் அம்மா கரண்டியைக் கீழே போட்டாள். நான் சொம்பு எடுக்கப் போனேன். பாதித் தண்ணீர் வழியிலேயே கொட்டிவிட்டது. சந்தோஷம். வேறு எப்படி எழுதுவது.

இளங்கோ வலது கையை நீட்டினார், உள்ளங்கை மேலே, அப்பாவுக்கு நன்றாகத் தெரிகிற மாதிரி. தண்ணீர் விட்டேன்.

கேசரி நெய் கைப்பிடியில் ஒரு சொட்டு. துடைத்தேன். கறை இல்லை.